வின்சன்றின் ஐம்பத்திரண்டு சுருள்கள்

உள்ளறையிலிருந்து நாதஸ்வரம் கேட்டது. மேலே மேலே ஏறிப்போன நாதம், உச்சியைத் தொடப்போகிற நேரத்தில் களைத்து, சீக்குப் பிடித்த பசு கத்துவதுபோல இழுபட்டுக் கீழே விழுந்தது.

"மிதியுங்கோ அண்ணை, மிதியுங்கோ. வித்துவான் மூச்சு விடப்போறார்" என்று உள்ளே யாரோ சொல்ல, இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். யன்னலுக்கு வெளியே சைக்கிள் சங்கிலி கரகரத்தது. நாதம் மறுபடி எழுந்து நின்றது.

முன் விறாந்தையில் நின்ற அற்புதராணி சிரிக்கவில்லை. ஏழு வயது மகள் ஸ்ரெல்லாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தாள்.

இணுவிலில் இருந்த அந்த வீடு, நாதஸ்வர வித்துவான் நமசிவாயம் வாழ்ந்த வீடு. அவர் இறந்து ஐந்து வருடங்களாகின்றன. மனைவி கனடாவில் இருக்கும் மகனிடம் போனபிறகு பூட்டிக் கிடந்ததை, ஊர்ப் பெரியவர்கள் குழுவொன்று அமைத்து நினைவில்லமாக்கியிருந்தார்கள். 1995ஆம் ஆண்டு தை மாதம். சண்டை நிறுத்தம் வந்து இரண்டு கிழமை. ஐந்து வருடமாகக் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், பற்றறியும் கிடைக்காத காலத்தில், நினைவில்லம் ஒரு விதி வைத்திருந்தது: வித்துவானைக் கேட்க விரும்புகிறவர் யன்னலடியில் ஸ்ராண்டில் நிற்கும் சைக்கிளில் ஏறி மிதிக்கவேண்டும். டைனமோவிலிருந்து வயர் உள்ளே போய்க் கசெற் பெட்டியைப் பாடவைக்கும். பெரிய உத்தியோகத்தர்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிதித்திருக்கிறார்கள்.

முன் அறையில் கண்ணாடி அலுமாரிகள். பொன்னாடைகள், பதக்கங்கள், கறுத்துப் பளபளத்த நாதஸ்வரம், வித்துவானின் வெற்றிலைத் தட்டம். மூலையில் ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் பெரிய சுருள் பூட்டும் ஒலிப்பதிவு இயந்திரம். "தொடவேண்டாம்" என்ற அட்டை. அதற்கு மேலே சுவரில் ஒரு புகைப்படம். வித்துவான் மைக்கின் முன்னால் சம்மணமிட்டு இருக்கிறார். படத்தின் இடது ஓரத்தில், இயந்திரத்தின் திருகைப் பிடித்தபடி ஒரு கை மட்டும். மணிக்கட்டுக்கு மேலே ஆள் இல்லை.

"உது ஆற்றை கையம்மா?"

"அப்பான்ரை."

"மிச்ச அப்பா எங்கை?"

"சட்டத்துக்கு அளவில்லையெண்டு வெட்டிப்போட்டினம்."

அப்படிச் சொன்னபோதுகூட அற்புதராணிக்குப் பெரிய கோபம் வரவில்லை. படம்தானே. அவள் படம் பார்க்க வரவில்லை.

அவள் குருநகர்ப் பெண். தகப்பன் யாகப்பு கடலுக்குப் போய் வாழ்ந்த மனிதர். கணவன் வின்சன்ற் கொழும்பில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்தவன். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் அந்தக் கூடம் எரிந்தது. அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோது அவனிடம் மிஞ்சியிருந்தது கழுத்தில் தொங்கிய ஒரு ஹெட்போன்தான். அடுத்த வருடம் அவனை அவள் கட்டப்போவதாகச் சொன்னபோது யாகப்பு கேட்டார்: "காதிலை சட்டி கவிழ்க்கிறவனுக்கோ பிள்ளையைக் குடுக்கிறது? உவனுக்கு நீ கூப்பிட்டாலே கேக்காதே." ஆனால் கொடுத்தார்.

வித்துவான் நமசிவாயமும் அந்த ஆடிக்குப் பிறகு கொழும்பு மண்ணை மிதிப்பதில்லை என்று சத்தியம் செய்தவர். என்ரை நாயனம் இனி என்ரை வீட்டிலைதான் பதிவாகும் என்று சொல்லி, பின்னறையை வின்சன்றின் கையில் ஒப்படைத்தார். தும்பு அடைத்த சாக்குகளைச் சுவர் முழுக்க அறைந்து, அதற்கு மேலே பனையோலைப் பாய்களைக் கட்டி, கதவு விளிம்புக்குக் கம்பளித் துண்டு ஒட்டி, வின்சன்ற் அந்த அறையை ஒரு பொன் பேழைபோலச் செய்தான். மூன்று வருடத்துக்குச் சற்று மேல். ஐம்பத்திரண்டு சுருள்கள்.

ஒவ்வொரு சுருளின் தொடக்கத்திலும் வின்சன்ற் பேசுவான். கொழும்பில் பழகிய தொழில் முறை அது. பெட்டி மாறிப்போனாலும் நாடா தன்னைத்தானே இன்னாரென்று சொல்லவேண்டும் என்பான். சுருளின் இலக்கம், ஊர், தமிழ் மாதத் தேதி, வாசிப்பவர் பெயர். கடைசியில் அவனுடைய சொந்தச் சரக்கு: "எல்லாரும் மூச்சை அடக்குங்கோ."

"நாயனக்காரனைப் பாத்து மூச்சை அடக்கெண்டு சொல்லுற ஒரே ஆள் உலகத்திலை நீதானடா" என்று வித்துவான் சிரிப்பாராம்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. அற்புதராணி சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்ததும் அவன் தொண்டையைச் செருமுவான். "முதலாம் கோப்பை. குருநகர். ஆவணி மூண்டு. சமைச்சது அற்புதராணி. எல்லாரும் மூச்சை அடக்குங்கோ." அகப்பைக் காம்பால் அவள் எத்தனை முறை அவனுடைய முதுகில் போட்டிருப்பாள். அவன் அடியைக்கூட இலக்கம் சொல்லி வாங்குவான்.

எண்பத்தேழு மாசியில், பாண் வாங்கப் போன வழியில், கோட்டை இராணுவ முகாம் பக்கமிருந்து வந்த ஷெல் அவனைத் தின்றது. அவளுக்கு அப்போது ஏழு மாதம். சித்திரையில் ஸ்ரெல்லா பிறந்தாள். தொண்ணூறில் சண்டை மூண்டு குருநகரே எழும்பி ஓடியபோது வீடு போனது. கலியாணப் படங்களும், அவன் உடுத்த இரண்டு சேட்டும், அந்த ஹெட்போனும் வீட்டோடு போயின. தகப்பனின் முகத்தைக் காட்ட அந்தப் பிள்ளைக்கு ஒரு துண்டுக் கடதாசிகூட மிஞ்சவில்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு வீட்டின் பக்கத்து அறையை எடுத்து, கையால் சுற்றும் தையல் மெசினை வைத்து, கம்பஸ் பிள்ளைகளின் சட்டைகளைத் தைத்து அற்புதராணி மகளை வளர்த்தாள்.

ஆனாலும் அவளிடம் ஒரு சொத்து இருந்தது. செத்த வீட்டில் வித்துவான் அவள் தலையில் கையை வைத்துச் சொன்ன சொல்.

"பிள்ளை பிறந்து, விளங்கிற வயசு வரட்டும். கூட்டிக்கொண்டு என்ரை வீட்டுக்கு வா. தகப்பன் அங்கை ஐம்பத்திரண்டு தரம் கதைக்கிறான்."

அந்தச் சொல்லைத்தான் அவள் எட்டு வருடமாக உண்டு உயிர் வாழ்ந்தாள். ஸ்ரெல்லா "அப்பா எப்பிடிக் கதைப்பார்?" என்று கேட்கும்போதெல்லாம், "இரு, உன்ரை புதுநன்மைக்குக் கேக்கலாம்" என்று சொல்லிவந்தாள். முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிற பிள்ளை, அதற்கு முதல்நாள் பெற்றவர்களுக்கு முன்னால் முழங்காலில் நின்று ஆசீர்வாதம் வாங்கவேண்டும். அது அவர்களுடைய வழமை. இந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரெல்லாவுக்குப் புதுநன்மை. தாய்க்கு முன்னால் நிற்பாள். தகப்பனுக்கு?

அதற்காகத்தான் இந்தத் திங்கட்கிழமை காலையில் பிள்ளையைக் கரியரில் ஏற்றிக்கொண்டு இணுவிலுக்கு வந்திருந்தாள்.

முறை வந்தது. நினைவில்லக் குழுவின் செயலாளர் செல்வரட்ணம் மாஸ்ரர் உள்ளறை வாசலில் நின்று வரவேற்றார். இளைப்பாறிய அதிபர். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனை.

"வாங்கோ பிள்ளை. எந்த இராகம் வேணும்? எல்லாம் கசெற்றிலை ஒழுங்கா அடுக்கி வைச்சிருக்கிறன்."

"இராகம் வேண்டாம் மாஸ்ரர். ஏதெண்டாலும் ஒண்டின்ரை துவக்கம் போடுங்கோ. நாயனம் துவங்கமுன்னம் ஒருத்தர் கதைப்பார். அதுதான் வேணும்."

மாஸ்ரரின் முகம் மலர்ந்தது. தான் செய்த பெரிய வேலையைப் பற்றி ஒருவர் தானாகவே கேட்டுவிட்டாரே என்ற மலர்ச்சி அது.

"ஓ, அந்த அலட்டலோ? அதெல்லாம் இப்ப இல்லைப் பிள்ளை. போன வருசம் ஜெனரேற்றர் பிடிச்சு, சுருள் எல்லாத்தையும் கசெற்றுக்கு மாத்தேக்கை பாத்தன். ஒவ்வொண்டிலும் ஆரோ ஒரு மெசின்காரன் நிண்டு நம்பரும் தேதியும் சொல்லிக்கொண்டு நிக்கிறான். தெய்வீக நாதத்துக்கு முன்னாலை உது என்னத்துக்கு? ஐம்பத்திரண்டையும் இந்தக் கையாலைதான் பிளேட் வைச்சு வெட்டினனான். இப்ப கேட்டுப் பாருங்கோ, எவ்வளவு சுத்தம்."

முப்பது வருடம் பரீட்சைத் தாளில் தேவையில்லாத வரிகளைச் சிவப்புப் பேனையால் வெட்டிய கை. அதை அவர் விரித்துக் காட்டினார்.

அற்புதராணி அந்தக் கையைப் பார்த்தாள். ஒரு மனிதனை எத்தனை தரம் கொல்லலாம்? ஷெல் ஒருமுறைதான் கொன்றது. இந்தக் கை ஐம்பத்திரண்டு முறை கொன்றுவிட்டு, சுத்தம் என்கிறது.

"அந்த மெசின்காரன் என்ரை புருசன்" என்றாள். "இது அவற்றை பிள்ளை. தகப்பன்ரை குரலைக் கேக்க வந்திருக்கிறாள்."

மாஸ்ரரின் கை மெல்ல மடிந்தது. "எந்த ஊர்?"

"குருநகர்."

"ஓ" என்றார். மீன்பிடிக்கிறவர்களின் ஊர் என்று கணக்குப் போட்ட அந்த 'ஓ' தேவைக்கு மேலே கொஞ்சம் நீளமாக இருந்தது. "எனக்கென்னெண்டு தெரியும் பிள்ளை? பேர்கூட ஒரு இடத்திலையும் எழுதியிருக்கேல்லை."

"எழுதேல்லைத்தான். குரலை வைச்சிட்டுப் போனவர். நீங்கள் வெட்டினது அந்தக் குரலைத்தான்."

"சரி சரி, சத்தம் போடாதேயும். சனம் கேட்டுக்கொண்டிருக்கு."

"வெட்டின துண்டுகள் எங்கை?"

மாஸ்ரர் யன்னலால் வெளியே பார்த்தார். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் எவரும் எதையும் எறிவதில்லை. சவர்க்காரம் சுற்றிவந்த கடதாசியையும் மடித்து வைத்த காலம். பளபளக்கிற நாடாத் துண்டுகளை அவர் எப்படி எறிவார்?

"பக்கத்துத் தோட்டத்து நடராசா கேட்டவர். முந்திரிகைப் பந்தலிலை குருவி விழுகுதெண்டு. குடுத்துப்போட்டன்."

வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து போனபோதே அற்புதராணிக்கு அந்தச் சத்தம் கேட்டது. திராட்சைக் குலைகளுக்கு மேலே, பந்தல் கால்களுக்கு இடையில், மண்ணிற நாடாக்கள் இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. காற்றில் அவை நடுங்கி, வெயிலில் மினுங்கி, 'விர்ர்' என்று ஒரே சுருதியில் இரைந்தன. அந்த இரைச்சலுக்குத்தான் குருவிகள் பயந்தன.

அவள் முதல் முடிச்சை அவிழ்த்தாள்.

"ஆரது பந்தலுக்கை?" மண்வெட்டியோடு நடராசா வந்தார். அறுபது வயதிருக்கும், வெற்று மேல். "எணை பிள்ளை, அதுகளை அவிழ்க்காதையும். இப்பதான் குலை பழுக்குது. கிளியும் குருவியும் வந்து வழிச்சுத் துடைச்சுப்போடும்."

"இது என்ரை புருசன்ரை குரல் அண்ணை."

"எது, உதோ? உது ரேப்."

"அவர் கதைச்சது இதுக்கைதான் இருக்கு. மாஸ்ரர் வெட்டி உங்களுக்குக் குடுத்திருக்கிறார்."

நடராசா நாடாவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். மண்வெட்டியைக் கீழே வைத்தார். "வின்சன்ற் தம்பியின்ரையோ? காதிலை போட்டுக்கொண்டு திரியிற வின்சன்ற்?" என்றார். "அந்தப் பெடியன் உந்தப் பக்கம் வந்து, 'அண்ணை, இறைப்பு மெசினை ஒரு பத்து நிமிசம் நிப்பாட்டுங்கோ, பதிவு நடக்குது' எண்டு கேக்கும். நானும் நிப்பாட்டுவன். கடவுளே, அவன்ரை வாயைக் கட்டித்தானோ நான் குருவி கலைச்சனான்?"

அதற்குப் பிறகு அவரும் சேர்ந்து அவிழ்த்தார். ஐப்பசி, கார்த்திகை மழை நாற்பது நாள் அடித்த நாடாக்கள். விரலில் பட்ட இடமெல்லாம் மண்ணிறம் உதிர்ந்தது. சில துண்டுகள் வெறும் கண்ணாடித் தாளாகக் கையில் வந்தன. அந்த மண்ணிறத்தில்தான் ஓசை ஒட்டியிருக்கும் என்று வின்சன்ற் அவளுக்கு ஒருநாள் சொல்லிக் காட்டியிருக்கிறான். அவளுடைய இரண்டு உள்ளங்கையும் இப்போது மண்ணிறமாக இருந்தன. அவற்றைத் துடைக்காமலே அடுத்த முடிச்சை அவிழ்த்தாள்.

கொட்டிலுக்குள் போன நடராசா, முகட்டில் தொங்கிய கத்தரி விதைப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதை இறுக்கிக் கட்டியிருந்ததும் அதே நாடாதான். "இது மழை காணாதது பிள்ளை" என்று அவிழ்த்துக் கொடுத்தார்.

எல்லாமாக நாற்பத்தேழு துண்டுகள். மிச்சம் ஐந்தைக் காற்று கொண்டுபோயிருந்தது.

அவள் திரும்பி வந்து அவ்வளவையும் மாஸ்ரரின் மேசையில் போட்டாள்.

"இந்த மெசினிலை போட்டுக் காட்டுங்கோ."

"இஞ்சை பாரும் தங்கச்சி, அது காட்சிப்பொருள். கண்ணாடி திறக்கேலாது. திறந்தாலும் உதுக்கு டைனமோக் கரண்ட் காணாது, ஜெனரேற்றர் வேணும். நான் எங்கை போறது? போனது போகட்டும். செத்தவையின்ரை ஆத்துமா சாந்தியடையட்டும்."

"ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னம் வேணும்."

"நடக்கிற காரியமாக் கதையும்."

அற்புதராணி துண்டுகளை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

அவள் அடங்கிவிட்டாள் என்று மாஸ்ரர் நினைத்திருக்கவேண்டும். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் மறுபடி வந்தாள். உள்ளறைக்குப் போய், சாக்குச் சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்தாள். முதலாவது பார்வையாளர் வெளியே சைக்கிளில் ஏறினார். மாஸ்ரர் கசெற்றைப் போட்டு, பொத்தானை அமத்தப் போனார்.

"ஏழாம் சுருள்" என்றாள் அற்புதராணி, கணீரென்று. "இணுவில். பங்குனி ஐஞ்சு. வாசிக்கிறது வித்துவான் நமசிவாயம். பதியிறது வின்சன்ற். எல்லாரும் மூச்சை அடக்குங்கோ."

அறையில் இருந்தவர்கள் உண்மையாகவே மூச்சை அடக்கினார்கள். கடைசிக்கு முந்திய வரியை வின்சன்ற் ஒருநாளும் சொன்னதில்லை. அதை அவளே சேர்த்தாள்.

"நீர் என்ன செய்யிறீர்?" மாஸ்ரர் பல்லைக் கடித்தார்.

"நீங்கள் வெட்டினதை ஒட்டுறன்."

அன்று பதினொரு கசெற்றுகள் போடப்பட்டன. பதினொரு தரமும் அவள் சொன்னாள். தேதிகள் சரியோ பிழையோ அவளுக்குத் தெரியாது. சரியைச் சொல்லக்கூடிய குரலை வெட்டியவர் மாஸ்ரர், பிழையென்று பட்டால் அவர் திருத்தட்டும். புதன்கிழமையும் வந்தாள். தையல் வேலைகள் தேங்கின. வியாழக்கிழமை மாஸ்ரர் கதவை மறித்து நின்றார். "இது சங்கீதம் கேக்கிற இடம். சந்தை இல்லை."

"இந்தச் சாக்கு அடிச்சவற்றை பெண்சாதியை மறிக்கிறியள் எண்டு தெரியுமோ? இந்தச் சுவரிலை இருக்கிற ஆணிக்கு நான்தான் மெழுகுதிரி பிடிச்சனான். தள்ளி நில்லுங்கோ."

அவர் தள்ளி நின்றார்.

வெள்ளிக்கிழமை கம்பஸிலிருந்து ஒரு சங்கீத விரிவுரையாளர் வந்தார். மாஸ்ரர் பொன்னாடையெல்லாம் எடுத்து வைத்துக் காத்திருந்தவர். விரிவுரையாளர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கத் தயாரானபோது சுவரடியிலிருந்து அந்தக் குரல் எழுந்தது. அவர் கண்ணைத் திறந்தார்.

"வின்சன்ற் எண்டு சொல்லுறது ஆர் மாஸ்ரர்?"

மாஸ்ரர் தொண்டையைச் செருமினார். விரிவுரையாளர் அற்புதராணியின் பக்கம் திரும்பினார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்: கப்பல், சாக்கு, பிளேட், முந்திரிகைப் பந்தல். ஒரு துளிக் கண்ணீரும் இல்லாமல் சொன்னாள். விரிவுரையாளர் நாதஸ்வரம் கேட்காமலே எழும்பிப் போனார். போகும்போது மாஸ்ரரின் பொன்னாடையையும் வாங்கவில்லை.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் திருநெல்வேலி அறை வாசலில் சைக்கிள் மணி கேட்டது. அற்புதராணி மகளின் வெள்ளைச் சட்டைக்குக் கடைசிப் பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தாள். செல்வரட்ணம் மாஸ்ரர், கரியரில் கசெற் பெட்டியைத் துவாயால் கட்டிக்கொண்டு வந்து நின்றார். இரவு முழுக்க நித்திரை கொள்ளாத கண்.

"ராத்திரி மருதனார்மடத்திலை ஒரு கலியாண வீடு. வெளிச்சத்துக்கு ஜெனரேற்றர் பிடிச்சிருந்தவை" என்றார். "கண்ணாடியைக் கழட்டி, மெசினை வண்டிலிலை ஏத்திக்கொண்டு போய், வீட்டுப் பின்கோடியிலை வைச்சு நாற்பத்தேழையும் ஓடவிட்டுப் பாத்தன். சாப்பாட்டுக்குக்கூட எழும்பேல்லை. நாற்பத்தாறு செத்துப்போச்சு. ஒண்டிலைதான் குரல் இருக்கு. விதை கட்டியிருந்த துண்டு. கசெற்றிலை எடுத்து வந்திருக்கிறன்."

அற்புதராணியின் கையில் ஊசி நின்றது. "போடுங்கோ" என்றாள்.

மாஸ்ரர் சைக்கிளை வாசலில் ஸ்ராண்டில் விட்டு, வயரை இழுத்து உள்ளே பெட்டியில் கொழுவிவிட்டு, ஏறி மிதித்தார். ஸ்ரெல்லா, சொல்லிக் கொடுத்திருந்தபடி, பெட்டிக்கு முன்னால் முழங்காலில் நின்று, கைகளைக் கூப்பி, கண்ணை மூடினாள்.

பெட்டியிலிருந்து குரல் வந்தது. "பேரன்புமிக்க சபையோரே. இசையுலகின் இமயம், நாதஸ்வரச் சக்கரவர்த்தி, அமரர் நமசிவாயம் அவர்களின்..."

"இதுவோ அப்பா?" ஸ்ரெல்லா ஒரு கண்ணைத் திறந்தாள்.

"இல்லைப் பிள்ளை. இது மாஸ்ரர்."

"ஒரு சின்ன அறிமுகம் வைச்சனான்" என்றார் மாஸ்ரர், மிதித்துக்கொண்டே. "வெறுமனே போட்டால் வடிவில்லை எண்டு."

அறிமுகம் ஆறு நிமிடம் போனது. கலியாண வீட்டு மேளமும், பாத்திரங்கள் தட்டுப்படும் சத்தமும், யாரோ "பாயசம் வேணுமோ" என்று கேட்பதும் அதற்குள் இருந்தன. எந்த அறிமுகமும் இல்லாத ஐம்பத்திரண்டு தொடக்கங்களை அலட்டல் என்று வெட்டிய மனிதன், மிஞ்சிய ஒரு தொடக்கத்துக்கு முன்னால் ஏறி நின்று ஆறு நிமிடம் பேசியிருந்தான். அற்புதராணி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். மாஸ்ரருக்கு வியர்த்தது, தன்னுடைய பேச்சைத் தானே மிதிக்கவேண்டியிருந்தது.

பிறகு ஒரு இரைச்சல். அதற்குள்ளே ஒரு தொண்டை செருமியது.

"இருபத்தொன்பதாம் சுருள். இணுவில். ஐப்பசி பதி..."

எங்கேயோ ஒரு கதவு கிரீச்சிட்டது. குரல் நின்றது. மறுபடி வந்தபோது அது தொழில் குரலாக இருக்கவில்லை.

"ஆர் உது கதவைத் திறந்தது? எத்தினை தரம் மனுசன் சொல்லுறது? நிக்கிறவை உள்ளுக்கை நில்லுங்கோ. போறவை போங்கோ. கதவைச் சாத்துங்கோ."

அவ்வளவுதான்.

ஸ்ரெல்லா கூப்பிய கையோடு அப்படியே இருந்தாள்.

"அப்பா ஏனம்மா ஏசுறார்?"

"வேலை நேரத்திலை அவருக்குக் கோவம் வரும்."

"உங்களை மாதிரியோ?"

"என்னிலும் கூட."

பிள்ளையின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. ஏழு வருடமாகத் தாய் சொல்லிச் சொல்லி, கோயில் படத்தில் இருக்கும் அர்ச்சிஷ்டவர்போல ஆகியிருந்த தகப்பன், இப்போதுதான் எரிச்சல் படுகிற, கத்துகிற, சொந்தத் தகப்பனானான். "இன்னொருக்கால்" என்றாள். மாஸ்ரர் மிதித்தார். இன்னொருக்கால். மிதித்தார். மூன்றாம் முறை அற்புதராணியின் கண்ணீர் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. அவள் அதைத் துடைத்தது மாஸ்ரருக்குத் தெரியாது.

அவர் சைக்கிளைவிட்டு இறங்கி, துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"தங்கச்சி, நினைவில்லத்திலை ஒரு பலகை வைக்கப்போறம். அவற்றை பேர் போட்டு. நீர் வந்து திறந்து வைக்கவேணும். நான் இரண்டு வார்த்தை கதைப்பன்."

"பலகையை வையுங்கோ. அது நீங்கள் செய்யவேண்டிய வேலை. நான் வரமாட்டன்."

"நான் தெரியாமல் செய்ததுதானே. மன்னிக்கச் சொல்லித்தானே உங்கடை வேதமும் சொல்லுது."

அற்புதராணி எழும்பினாள். அவளுடைய குரல் உயரவில்லை.

"வேதத்தை நீங்கள் எனக்குப் படிப்பிக்கவேண்டாம் மாஸ்ரர். ஆரெண்டு ஒருக்காக் கேட்டிருந்தால் தெரிஞ்சிருக்கும். நீங்கள் கேக்கேல்லை. மெசின்காரன்தானே எண்டு வெட்டினியள். ஒண்டைத் தேடித் தந்ததுக்கு மற்ற ஐம்பத்தொண்டையும் மறக்கச் சொல்லாதேங்கோ. மன்னிக்கிற நாளெண்டு ஒண்டு வந்தால், நானே இணுவிலுக்குச் சைக்கிள் எடுத்துவந்து சொல்லுவன். இண்டைக்கு அது வரேல்லை."

மாஸ்ரர் சட்டைப் பையின் இரண்டு பேனைகளில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார்.

"பெட்டி..."

"இருக்கட்டும். நாளைக்குப் பூசை முடிய, என்ரை தம்பி கொண்டுவந்து தருவான். வயரைக் கழட்டிக்கொண்டு போங்கோ. முன்வீதிக் கடைக்காரச் செபநாயகத்தின்ரை சைக்கிள் டைனமோவிலை வேறை வயர் கொழுவி நாங்கள் மிதிச்சுக் கேட்டுக்கொள்ளுவம்."

அவர் குனிந்து வயரைக் கழற்றினார். முழங்கையில் சுற்றிக்கொண்டு, சைக்கிளைத் திருப்பினார். பலாலி வீதிக்கு ஏறும் ஒழுங்கையில் அவருடைய வெள்ளை வேட்டி இரண்டு முறை தெரிந்து, பிறகு தெரியவில்லை. வாசல் திறந்தபடி கிடந்தது. வெளியே தெருச் சத்தம் உள்ளே வந்துகொண்டிருந்தது.

ஸ்ரெல்லா முழங்காலிலிருந்து எழும்பினாள். பேச்சற்றுக் கிடந்த பெட்டியை ஒருமுறை பார்த்தாள். பிறகு போய், இரண்டு கையாலும் தள்ளி, கதவைச் சாத்தினாள்.